ஸ்டென்ருட் வீட்டுச் சாக்ஸ் போர்

வாழ்க கோரின் பிரெக்கே! மின்னசோட்டாவின் சோளக்காட்டுச் சாலைகள் யாவும் தன் சிறு காரின் சக்கரச் சுவடு சுமக்கப் பெற்றவள், 'தள்ளாத வயதில் உங்களை யார் குளிப்பாட்டுவார்?' என்னும் கொடுங்கேள்வியைக் குறுநகையோடு கேட்டும் அடிபடாமல் வீடு திரும்பியவள், முதுமையில் கைத்துணைக்கு ஆள் வைக்கப் பணம் தரும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு விற்போர் குலத்துக் குன்றா விளக்கு! அவள் புகழ் பாடும் நாவுக்கு வலிமை தருவாய், அடுப்படியில் ஓயாது கொதிக்கும் காப்பித் தேவியே!

எதிரே, சமையலறை மேசையென்னும் செருக்களத்தின் அப்பால் வீற்றிருந்தான் ஆர்லோ ஸ்டென்ருட். டிராக்டர் மேய்த்த தோளினன், மருத்துவர் முகம் காணா மானத்தினன், 'நல்லாத்தான் இருக்கோம்' என்னும் துளைபடாக் கவசம் பூண்டோன். அக்கவசத்தை அணிந்துதான் அந்த மாவட்டமே பிறக்கிறது. கால் ஒடிந்து கிடப்பவனும் அங்கே, "இதைவிட மோசமா ஆகியிருக்கலாம்" என்பானேயன்றி வலிக்கிறது என்று சொல்லமாட்டான்.

கோரினை வரவழைத்தவள் அவன் மனைவி மார்டெல். தேவாலயத்து விருந்தில் பாத்திரம் துடைத்தபடி, "நான் விழுந்துட்டா என்னைத் தூக்க ஆளில்ல கோரின். பசங்க ஆளுக்கொரு ஊர்ல. அந்தப் பயத்துல தூக்கமே வரல" என்றிருந்தாள். ஆயினும் ஆர்லோ தலையசைக்காமல் அவ்வீட்டில் ஒரு வாளிகூட வாங்கப்பட்டதில்லை. ஆகவே, என்றாவது ஒருநாள் பிறர் உதவி வேண்டியிருக்கும் என்று அவன் வாயால் ஒப்புக்கொள்ளச் செய்தாலன்றி மார்டெலின் முதுமைக்குக் காவல் இல்லை.

தொடுத்தாள் கோரின், தன் தொழிலின் தொன்மையான கணைகளை. குளிக்க ஒத்தாசை வேண்டுமா? "நானே." மாடிப்படி ஏற? "நானே." உடுக்க? "நானே. வேற என்ன, சோறு ஊட்டணுமான்னு கேக்கப் போறியா?" என்று முழங்கினான் வீரன். அதுதான் அவளுடைய அடுத்த கேள்வி. கோரின் காப்பியைக் குடித்தாள்.

வெற்றிக் களிப்பில் எழுந்து வாசற்பக்கம் நடந்தவனுக்காக விதி அங்கே காத்திருந்தது. கோரின் கழற்றி வைத்த பூட்ஸிலிருந்து உருகிய பனி ஒரு சிறு தடாகமாய்த் தேங்கியிருக்க, அதில் பதிந்தது ஆர்லோவின் வலப்பாதம். நனைந்த சாக்ஸை மறுகாலால் மிதித்து உதறிவிட்டு நாற்காலியில் அமர்ந்தான். உடனே மார்டெல், யாரும் கேளாமலே உலர்ந்த சாக்ஸோடு வந்து அவன் காலடியில் மண்டியிட்டாள். அவனும் யாரும் சொல்லாமலே பாதத்தை நீட்டினான்.

"தினமும் நீங்கதான் மாட்டிவிடுறீங்களா மார்டெல்?" என்றாள் கோரின், மெல்ல.

"யாரு சொன்னா? கொடு இங்க!"

அந்தோ, மூண்டது பெரும்போர்! குனிந்தான், இடுப்பு இணங்கவில்லை. காலைத் தூக்கினான்; முழங்கால் உடன்படவில்லை. முகம் பீட்ரூட்டாய்ச் சிவக்க, மூச்சு துருத்தியாய்ச் சீற, சுவரில் தொங்கிய ரொட்டி புரட்டும் நீளக் கட்டையை வேலெனப் பற்றி, அதன் நுனியில் சாக்ஸைக் கோத்து, தூரத்துப் பகைநாடு போல் கிடந்த தன் கட்டைவிரலை நோக்கி எறிந்தும் குத்தியும் துழாவியும் அவன் பொருத காட்சியை எங்ஙனம் உரைப்பது! ஒருமுறை சாக்ஸ் விரல் நுனியைத் தொட்டது. "பாத்தியா!" என்று அவன் ஆர்ப்பரித்த கணமே அது நழுவி மேசைக்கடியில் போய் ஒளிந்தது.

"விடு ஆர்லோ, நெஞ்சு வெடிச்சிடப் போவுது" என்றாள் மார்டெல்.

இருவருக்கும் பாலிசி விற்றுவிடலாமென்று வந்த கோரினுக்கு மனம் கனத்தது. ஆனாலும் மறைக்கவில்லை. "உங்களுக்கு இப்ப எந்தக் கம்பெனியும் தராது ஆர்லோ. சாக்ஸ் மாட்டவே ஆள் வேணும்னா பின்வாங்கிடுவாங்க."

"இதென்ன நியாயம்? தேவை இல்லாதவனுக்குத் தருவீங்க, தேவைப்படுறவனுக்குக் கிடையாதா?"

"வீடு பத்திக்கிட்ட அப்புறம் தீக்காப்பீடு கேட்டா யாரு தருவாங்க?"

மேசைக்கடியிலிருந்து சாக்ஸை எடுத்த மார்டெல், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து, மறுகையால் தன் முழங்காலை அழுத்தியபடி எழுந்துகொண்டிருந்தாள். அவள் அப்படித்தான் எழுகிறாள் என்பதை ஆர்லோ அன்றுதான் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு வெட்கமாயிருந்தது.

கவசம் கழன்று விழ, பிரகடனம் செய்தான் ஆர்லோ: "இவளுக்கு நான் இருக்கேன்னு நெனச்சுட்டிருந்தேன். என் காலே எனக்கு எட்டல. இவளுக்குப் போடு."

அப்போது எண்டிசையும் அதிர்ந்ததோ, வானோர் முரசம் கொட்டினரோ, அன்றிக் கூரைப்பனிதான் சரிந்து முற்றத்தில் வீழ்ந்ததோ, யாரறிவார்! காப்பீட்டுக் குலக்கொடி பேனா திறந்தாள். அச்சம் நீங்கிய மார்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெல்லவும் இயலாமல் தோற்கவும் தெரியாமல் அமர்ந்திருந்த மாவீரனோ, வெற்றுப் பாதத்தை மறுபாதத்தின் மேல் மறைத்து வைத்து, ஜன்னலுக்கு வெளியே வெண்பனி வயல்களை நெடுநேரம் நோக்கினான்.

மார்டெல் குனிந்து சாக்ஸை மாட்டிவிட்டாள்.