கழிப்பறைக் காலண்டர்

காலை ஒன்பது நாற்பதுக்குக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்த கெர்பன் ஓல்டன்ஹோஃப் எதிர்ச்சுவரைப் பார்த்தார். பார்த்தவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"மாய்கே! இங்க ஓடி வா!"

"அங்க வந்து நான் என்ன பண்ணணும்?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"காலண்டர்! டீடரிக் பேரு காலண்டர்ல இருக்கு!"

ஹார்லெம் நகரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிறந்தநாள் காலண்டர் கழிப்பறையில்தான் தொங்கும். சொந்தம், நட்பு எல்லாரும் அதில் இருப்பார்கள். உட்கார்ந்தவருக்கு வேறு பக்கம் பார்க்க வழியில்லை என்பதால் யார் பிறந்தநாளும் மறக்காது. கெர்பன் வீட்டுக் காலண்டரில் மே பதினாலாம் தேதிக்கு நேராகக் கொட்டை எழுத்தில் 'நம்ம டீடரிக்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் வேறு.

டீடரிக் வலது பக்கத்து வீட்டுக்காரன். அதோடு ஒரு பெரிய வங்கியின் தலைவன். வில்லங்கமே அங்கேதான்.

கெர்பன் பதினாறு வருடம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். போன தேர்தலில் கட்சிக்கு மூன்று இடம்தான் கிடைத்தது. கட்சிப் பட்டியலின் வரிசைப்படிதான் இடம், கெர்பன் அதில் நான்காவது. ஏழு மாதமாக வீட்டில் உட்கார்ந்து போல்லே என்கிற தன் நாயோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தவருக்கு, வங்கிகளைக் கண்காணிக்கும் ஆணையத்தில் ஒரு பதவி கைக்கு எட்டியிருந்தது. வாய்க்கு எட்ட ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆணையத்தின் நேர்மை அதிகாரி வில்மா ப்ராக் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, காபி குடித்து, நாலு கேள்வி கேட்டுவிட்டு அந்தக் கையெழுத்தைப் போடவேண்டும். வங்கித் தலைவர் எவரோடாவது நெருங்கிய நட்பு இருந்தால் பதவி கிடையாது.

"எனக்கு எல்லாரும் நண்பர்கள்" என்று மேடைக்கு மேடை சொல்லி ஓட்டு வாங்கிய மனிதருக்கு இப்படி ஒரு சோதனை.

"பேனாவால அடிச்சு விடேன்," என்றாள் மாய்கே.

அடித்தார். பெயர் போயிற்று, இதயம் போகவில்லை. யாரோ பழைய காதலன் பெயரை அவசரமாக அழித்தது போல இருந்தது.

"இது முன்னைவிட மோசம். அடுத்த மாசத்தைத் திருப்பி வை."

ஜூனில் டீடரிக்கின் மனைவி. ஜூலையில் அவனுடைய இரட்டைப் பெண்கள். ஆகஸ்டில் மாமியார்.

"அவன் மாமியார் பிறந்தநாள் நமக்கு எதுக்கு?" என்றார் கெர்பன்.

"எழுதினது நீதான! போன வருஷம் அந்தம்மாவுக்குப் பூங்கொத்து தூக்கிட்டுப் போனது யாரு? எங்கம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருப்பியா?"

பேச்சு வேறு திசையில் போவதைக் கண்ட கெர்பன், காலண்டரை ஆணியிலிருந்து பிடுங்கி வாஷிங் மெஷினுக்குள் திணித்து மூடினார். திரும்பி வந்து பார்த்தால் சுவர் முழுக்கப் பழுப்பேறியிருந்தது. காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. நடுவில் ஆணி.

"காலண்டர் இல்லாத டாய்லெட்டைப் பாத்தா அந்தம்மா என்ன நினைக்கும்?" என்றாள் மாய்கே. "ஒண்ணு இவனுக்கு நாதியே இல்ல, இல்லாட்டி எதையோ ஒளிக்கிறான். ரெண்டுல ஒண்ணுதான்."

அவள் சொன்னது நியாயம்தான். மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

"அக்கம்பக்கத்துல ஒண்ணு இரவல் வாங்கிட்டு வா. ஓடு!"

மாய்கே வீட்டுச் செருப்போடு ஓடினாள். அவள் திரும்பி வந்து எதையோ ஆணியில் மாட்டியதும் அழைப்பு மணி அடித்ததும் ஒரே நேரம். பத்து மணி என்றால் வில்மா ப்ராக்குக்குப் பத்து மணிதான்.

சைக்கிளில் வந்திருந்த அம்மாள் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"போல்லே, மேல ஏறாத!" என்று மாய்கே நாயை அதட்டிவிட்டுக் காபி ஊற்றினாள். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, வழக்கம்போல உடனே மூடினாள்.

"நேரா விஷயத்துக்கு வரேன் சார். வங்கித் தலைவர்கள்ல உங்களுக்கு நெருங்கின நண்பர் யாராவது உண்டா?"

"நட்புங்கிறது மேடம், பல கோணத்துல பாக்க வேண்டிய விஷயம். ஒரு பக்கம் பாத்தா..."

"உண்டா, இல்லையா?"

பதினாறு வருடத்தில் கெர்பன் எந்தக் கேள்விக்கும் உண்டு என்றோ இல்லை என்றோ சொன்னவரில்லை. அந்த இரண்டு வார்த்தைகளும் அவசரத்துக்கு நாக்கில் அகப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே டீடரிக் சைக்கிளில் போனான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை வீசி வீசி ஆட்டினான். போல்லே ஜன்னலில் முன்னங்காலை வைத்து வாலை ஆட்டியது. திரையை இழுத்து விடலாம் என்றால், பட்டப்பகலில் திரை போட்ட வீட்டில் ஏதோ தப்பு நடக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும்.

"யாரு அவர்? எங்கயோ பாத்த முகமா இருக்கு."

"யாரோ வாக்காளர் மேடம்."

"ரொம்பப் பாசமா இருக்காரே?"

"தோத்தவன்னா ஜனங்களுக்கு ஒரு இரக்கம். இன்னொரு கப் காபி?"

"முதல் கப்பே வேலையைக் காட்டுது. டாய்லெட் எங்க?"

கதவு தாழிடும் சத்தம் கேட்டதும் கெர்பன் மனைவியின் காதருகே குனிந்தார்.

"மாட்டினியே, அது எந்த வீட்டுக் காலண்டர்?"

"இடது பக்கம் பூட்டிக் கிடந்துச்சு. எதிர்வீட்ல இன்னும் எழுந்திருக்கல. அதனால..."

"அதனால?"

"டீடரிக்கிட்டதான் வாங்கினேன்."

"உனக்கு அறிவிருக்கா?"

"ஓடுன்னுதான் சொன்ன. யோசின்னு சொல்லலையே!"

கெர்பனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு வங்கித் தலைவனின் காலண்டர் என்றால் நாட்டிலுள்ள அத்தனை வங்கித் தலைவர்களும் அதில் இருப்பார்கள். ஒரு நண்பனை மறைக்கப் போய் ஒரு மாநாட்டையே கூட்டிச் சுவரில் மாட்டியாயிற்று. கழிப்பறைக் கதவைத் தட்டினார்.

"மேடம், தண்ணி நின்னுடுச்சு! சீக்கிரம் வந்துடுங்க!"

உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

"மேடம், அந்தத் தாழ்ப்பாள் சரியில்ல! மாட்டிக்கப் போறீங்க!"

"மாட்டிக்கப் போறது நானில்லன்னு நினைக்கிறேன் சார்," என்று பதில் வந்தது.

வில்மா ப்ராக் வெளியே வரும்போது காலண்டர் அவர் கையில் இருந்தது. அடியில் தங்க எழுத்தில் 'எங்கள் தலைவர் டீடரிக்குக்கு, வங்கி ஊழியர்களின் அன்புப் பரிசு' என்று அச்சடித்திருந்தது.

கெர்பன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இதுக்கு மேல மறைக்க முடியாது மேடம். டீடரிக் என் உயிர் நண்பன். பன்னிரண்டு வருஷம். கால்வாய் உறைஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் பனியில சறுக்குவோம். அவனுக்குக் கால் உடைஞ்சப்ப ரெண்டு மாசம் அவங்க வீட்டுக் குப்பைத் தொட்டியை நான்தான் தெருவுக்கு இழுத்தேன். எங்க காலண்டர் வாஷிங் மெஷின்ல இருக்கு. அதுல அவன் மாமியார் வரைக்கும் எழுதி வெச்சிருக்கேன். இந்த வேலை எனக்கு வேணும்தான், ரொம்ப வேணும். ஆனா என் நண்பனை யாரோன்னு சொல்லி அதை வாங்கிக்க மாட்டேன்."

பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நேரான பதில் அது. சொல்லி முடித்ததும் மூட்டை இறங்கியது போல நெஞ்சு லேசாயிற்று. வேலை போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. மாய்கே அவர் தோளில் கை வைத்தாள். திருமணமான புதிதில் வைத்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

வில்மா ப்ராக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு டிசம்பரிலிருந்து ஜனவரி வரை. அப்புறம் பையிலிருந்து படிவத்தை எடுத்து, 'நெருங்கிய நட்பு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்துடுங்க. வாழ்த்துகள்."

கெர்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாய்கே பாய்ந்து போய் அதிகாரியின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். ஏழு மாதமாக வீட்டுக்குள் அடைந்திருந்த காற்று ஒரேயடியாக வெளியே போனது போல இருந்தது. பிஸ்கட் டப்பா இரண்டாவது முறையாகத் திறந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அரசியல்வாதியால் முடியுமா?

"மேடம், அவன் என் உயிர் நண்பன்னு நானே வாயால ஒத்துக்கிட்டேன். அப்புறமும் எப்படி 'இல்லை'ன்னு எழுதினீங்க?"

வில்மா ப்ராக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டே காலண்டரை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க சொல்றதை மட்டும் வெச்சு நட்புன்னு எழுத முடியுமா சார்? பன்னிரண்டு மாசத்தையும் ரெண்டு தடவை பாத்துட்டேன். அவரோட பல் டாக்டர் இருக்காரு, உங்க நாய் போல்லே இருக்கு, நீங்க எங்கயுமே இல்ல."