பந்து சாகாத இறுதியாட்டம்

கேட்டது வராது, கேட்காதது வீடு தேடி வரும் என்பது அரசாங்கத்தின் அசைக்க முடியாத கொள்கை. மதுரை வட்டாரத்தில் ரக்பி வேண்டுமென்று ஒரு குஞ்சு குருமான்கூடக் கேட்டதில்லை. ஆகவே, கோழிமுட்டை மாதிரிப் பந்தை வைத்து ஆடும் அந்த ஆட்டத்துக்கு ‘முதல்தர உள்நாட்டுப் போட்டிப் பருவம்’ ஒன்றை நடத்தும்படி ஒரே வாரத்தில் ஆணை வந்துவிட்டது. சோழவந்தானுக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் முத்திருளன், வாய்க்காலின் குறுக்கே ஒரு சின்னப் பாலம் வேண்டுமென்று பதினோரு வருஷமாகக் கேட்டுவந்தார். ஆகவே அது வரவில்லை.

பாலம் இல்லாததால் அவர் மனைவி அழகம்மாள் வெற்றிலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். போன ஐப்பசியில் வாய்க்கால் அவளை இழுத்துக்கொண்டு போனது. கொண்டையைப் பிடித்துக் கரையேற்றினார்கள். அன்றைக்கே முத்திருளன் செருப்பைக் கழற்றி வைத்தார். பாலம் வந்தால்தான் போடுவேன் என்று சபதம்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு வெறுங்காலோடு மனு கொடுக்கப் போனார். அவரை ‘நீள்பந்து வளர்ச்சித் தனிப்பிரிவு’ என்ற புது அறைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கூட்டமில்லை.

“வாங்க பெரியவரே, உக்காருங்க!” என்றார் தனி அலுவலர் தங்கப்பாண்டி.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் உட்காரச் சொன்னதால் முத்திருளன் நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்தார்.

“ஆறு அணி வேணும். நிலப்பிரிவு, நீர்ப்பிரிவு, சாலைப்பிரிவு, தபால்பிரிவு, முத்திரைப்பிரிவுன்னு அஞ்சு தேறிருச்சு. எல்லாம் இந்தக் கட்டடத்து ஆளுகதான். பேருக்கு ஒரு பொதுமக்கள் அணி வேண்டாமா? உங்க ஊர்ல பதினஞ்சு பேர் தேறுவாங்களா?”

“தேறுவாங்க சார். பாலம் தேறுமா?”

தங்கப்பாண்டி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “முதலிடம் பிடிக்கிற அணியோட ஊர்லதான் இறுதியாட்டம். சிறப்பு விருந்தினர் காரு மைதானம் வரைக்கும் போகணும்னு பதினாலாம் விதி சொல்லுது. குறுக்க வாய்க்கால் கிடந்தா…”

“பாலம்!”

“விதிப்படி.”

முத்திருளன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொடிக்காலை ஒட்டிக் கிடந்த தன் தரிசை அங்கேயே மைதானமாக எழுதிக் கொடுத்தார். “ஆட்டம் எப்படிங்க சார்?”

“பந்தைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடலாம். ஆனா முன்னால நிக்கிறவன்கிட்ட குடுக்கக் கூடாது. பின்னால நிக்கிறவன்கிட்டதான் தள்ளிவிடணும்.”

“என் மனுவ வச்சு இதத்தான சார் இம்புட்டு வருஷமா ஆடுறீக?”

‘ஊழியர்களின் முன்அனுபவத்தைப் பொதுமக்கள் பாராட்டினர்’ என்று தங்கப்பாண்டி குறித்துக்கொண்டார்.

பருவம் தொடங்கியது. அணிக்குப் பத்து ஆட்டம். முத்திருளன் ஊர் அணிக்கு அழகம்மாளின் தம்பி சிவபாண்டி தலைவன். பதினைந்து பேரும் மாடுபிடி வீரர்கள். அங்கேதான் கோளாறு. பந்தோடு வருகிற குமாஸ்தாவைப் பாய்ந்து கட்டிப்பிடிப்பார்கள். அவர் மூன்று முறை துள்ளியதும், பிடி முடிந்ததென்று விட்டுவிட்டு, பரிசு அண்டா எங்கே என்று மேடையைப் பார்ப்பார்கள். குமாஸ்தா சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டு வருவார்.

இப்படியே இரண்டு ஆட்டம் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அழகம்மாள் எழுந்து சேலையை இழுத்துச் சொருகினாள்.

“எலேய், அது மாடு இல்லடா, ஆபீசரு! மூணு துள்ளுக்கு விட்டா அடுத்த வருஷந்தான் வருவாக! கீழ விழுகிற வரைக்கும் விடாதீக!”

அதற்குப் பிறகு விடவில்லை. அலுவலக அணிகளும் ஒத்துழைத்தன. எவரும் பந்தை இரண்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருக்க விரும்பவில்லை. பின்னால் தள்ளி, அதற்கும் பின்னால் தள்ளி, சொந்தக் கோட்டையே தாண்டிப் போனார்கள். கடைசியில் நிற்க வேண்டியவர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் பந்து அநாதையாகக் கிடக்கும். சிவபாண்டி போய் அதன்மேல் படுப்பான். மீதி எட்டு ஆட்டமும் வெற்றி, முதலிடம்.

பாலம் வந்தது. ‘தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை’ என்று பதினோரு வருஷம் எழுதிய சாலைப்பிரிவே மூன்று நாளில் அதைக் கட்டியது. இறுதியாட்டத்தில் எதிரணியும் அவர்களே. சிறப்பு விருந்தினரின் கார் பாலத்தில் ஏறி இறங்கியபோது முத்திருளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கண்ணில்தான் பாலத்து ஓரத்துப் பலகை பட்டது: ‘பருவம் முடிந்ததும் அகற்றப்படும்.’

ஆட்டத்துக்குள்ளேயே ஓடினார். “சார், நேரம் முடிஞ்சதும் பிரிச்சிருவீகளா?”

நடுவரும் தங்கப்பாண்டியேதான். ஊதலை வாயிலிருந்து எடுத்தார். “விதிப்படி. ஆனா நேரம் முடிஞ்சாலும் ஆட்டம் உடனே முடியாது பெரியவரே. பந்து எல்லைக்கு வெளிய போகணும், இல்ல யாராவது தப்பு பண்ணணும். அப்பத்தான் பந்து செத்துச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் ஆட்டம் நடக்குது.”

“மாப்ள!” என்று முத்திருளன் கத்தினார். “பந்தைச் சாக விட்றாதய்யா! பின்னால குடு, பின்னால குடு!”

“மச்சான், நாமதான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்!”

“ஜெயிச்சா பாலம் போயிரும்டா!”

சிவபாண்டி பின்னால் கொடுத்தான். வாங்கியவன் அதற்கும் பின்னால் கொடுத்தான். நேரம் முடிந்தது. பந்து சாகவில்லை. மணி ஐந்தேமுக்கால் ஆனதும் சாலைப்பிரிவு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டது. சிறப்பு விருந்தினர் இரு அணியையும் வாழ்த்திவிட்டுக் கிளம்பினார். தங்கப்பாண்டி யோசித்தார். பருவம் முடிந்தால் தனிப்பிரிவும் முடியும், நாற்காலியும் போகும். ஊதலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ‘ஆட்டம் நடவடிக்கையில் உள்ளது’ என்று எழுதி அனுப்பினார்.

அது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அதாவது, முடியாமல் எட்டு மாதம் ஆகிறது. பந்தை முறை வைத்துக் கையில் வைத்திருக்கிறார்கள். பாலத்து முகப்பில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மேசை, வருகைப் பதிவேடு, நாற்காலி. நாற்காலியில் புதுச் செருப்போடு முத்திருளன். பலகையில் எழுத்தும் மாறிவிட்டது: ‘ஆட்டக்காரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மட்டும்.’

நேற்று பக்கத்து ஊர் தங்கப்பொண்ணு வெற்றிலைக் கூடையோடு வந்து நின்றாள். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்திருந்தது.

“அண்ணே, தெனம் வாய்க்காலுக்குள்ள நடக்க முடியல. நானும் இதுல போயிக்கிறேனே?”

முத்திருளன் மடியில் இருந்த பந்தைத் தடவிக்கொண்டே, பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“மனுவா எழுதிக் குடு, தாயி.”

“எழுதியே கொண்டாந்திருக்கேன்ணே.”

அவர் வாங்கினார். படிக்கவில்லை. முன்னால் பாலம் சும்மா கிடந்தது. திரும்பிப் பார்க்காமலே மனுவைத் தோளுக்கு மேலே நீட்டினார். பின்னால் நின்ற சிவபாண்டி அதைத் தவறவிடாமல் பிடித்து, தனக்குப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தான்.