மாப்பிள்ளையிடம் வாயைத் திறக்காத காரணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி, அதாவது உங்கள் அத்தை, நலம். என் நலத்தைப் பற்றி உங்களோடு பள்ளியில் படித்த அந்த அவசரப் பிரிவு டாக்டர் ஏற்கெனவே போன் போட்டுச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே சாப்பிட வந்தபோது நான் ஒரே பக்கமாக மெல்லுவதைக் கவனித்துவிட்டு, "மாமா, ஒரு நாள் என் கிளினிக் பக்கம் வாங்களேன், சும்மா பாத்துடலாம்" என்றீர்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எடை அளவு ஆய்வாளராக இருந்த காலத்தில் நானும் கடைக்காரர்களிடம் 'சும்மா பாத்துட்டுப் போறேன்' என்று சொல்லித்தான் உள்ளே நுழைவேன். ஆகவே கடைவாய்ப் பல்லை வீட்டிலேயே சரிசெய்துவிடுவதென்று முடிவெடுத்து, செல்போனில் யாரோ ஒருவர் சொன்னபடி எலுமிச்சைச் சாற்றில் உப்பைப் போட்டு ஒரு வாரம் கொப்பளித்தேன். பல் வெளுத்ததோ இல்லையோ, மின்விசிறிக் காற்று பட்டாலே உச்சந்தலை வரை கூசியது. அடுத்து மருந்துக் கடையில் புண் கழுவும் பெராக்சைடு வாங்கினேன். "சார், இதை அப்படியே வாயில ஊத்திக்காதீங்க, நல்லா தண்ணி கலக்கணும், முழுங்கவே கூடாது" என்று கடைக்காரர் சொன்னதும் பயந்துபோய்த் தண்ணீர் கலந்துதான் வைத்தேன். ஆனால் வைத்தது குடிதண்ணீர் பாட்டிலில். பால்கனியில் நின்று கொப்பளிக்கும்போது எனக்கு நுரை தள்ளியதைப் பார்த்த எதிர்வீட்டுத் தையல்காரர், "ஐயா, உங்களை நாய் ஏதும் கடிச்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வலி மட்டும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, கிராம்பெண்ணெய் ஒரு சொட்டு விடலாமென்று குப்பியை வாய்க்கு நேராகக் கவிழ்த்தேன். மூடியின் உள்ளடைப்பு கழன்று எண்ணெய் மொத்தமும் உள்ளே இறங்கியது. முதலில் நெருப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. நாக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. உதடு தொங்கி, எச்சில் சட்டையில் வழிய, சமையலறை வாசலில் போய் நின்று உங்கள் அத்தையிடம் "ஒண்ணுமில்ல" என்றேன். அது "ஒழ்ழுழில்ழ" என்று வந்தது. அவள் என்னை நாற்காலியில் தள்ளி உட்காரவைத்து ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, பேச்சு வரல" என்று சொல்லக் கேட்டதும், இது எண்ணெய்தானா, இல்லை உண்மையிலேயே போகிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலை அசைத்துப் பார்த்தேன். பயத்தில் அது அசையவில்லை. அதற்குள் அவளுக்குத் தலை சுற்ற, ரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அது என் பாட்டில். மாப்பிள்ளை, 'குடிக்காதே' என்று கத்தினேன். "குழிக்காழே" என்றுதான் வந்தது. அவள் அழுதுகொண்டே, "இதோ வந்துட்டேங்க, குடிச்சுட்டு வந்துடறேன்" என்று மூடியைத் திருகினாள். அசையாத காலோடு எப்படிப் பாய்ந்தேனென்று எனக்குத் தெரியாது. பாட்டில் சுவரில் போய் மோதியது, நாங்கள் இருவரும் தரையில் கிடந்தோம். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வலிப்பும் வந்துவிட்டதே என்று கதறினாள். அவள் உதடு நனைந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். நனைந்திருந்தது. கண்ணீர்தான்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் என்னைச் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், பிறகு குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். "பக்கவாதம் இல்லம்மா, கிராம்பெண்ணெய். உள்ள வெந்து மரத்துப் போயிருக்கு, ஆறிடும். ஆனா பல்லுல சீழ் வெச்சிருக்கு. தெரிஞ்ச பல் டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்றார். உங்கள் அத்தை பதில் சொல்லுமுன் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "யாழும் இழ்ழை" என்றேன். அவர் உங்கள் கல்யாணத்துக்கு வந்தவர், என்னை அடையாளம் தெரிந்தேதான் கேட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இதில் உங்கள் படிப்புக்கு அவமரியாதை எதுவுமில்லை. நீங்கள் ஊசியும் கையுமாக நிற்க, நான் அழுதுவிட்டால், அதற்கப்புறம் உங்கள் எதிரில் மாமனாராக எப்படி உட்காருவது? எனக்கு இருக்கும் பயம் அது ஒன்றுதான். எப்படியோ, இப்போது வலி சுத்தமாக இல்லை. வெறும் உப்புத் தண்ணீரே போதுமாக இருக்கிறது. ஆகவே உங்கள் கிளினிக்குக்கு இந்த ஜென்மத்தில் வருவதாக இல்லை, தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் தொழில் மற்றவர்கள் பல்லால் மேன்மேலும் பெருகவும், நீங்கள் இருவரும் சகல சௌபாக்கியங்களோடும் உறுதியான ஈறுகளோடும் வாழவும் வாழ்த்தும்,

மாமனார்.

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் கிளினிக் முன்னறையில் உட்கார்ந்து எழுதி, வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். கன்னம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை. உங்கள் அத்தை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். முடிந்தால் மெதுவாகப் படியுங்கள்.