வேகத்தடையில் ஓர் இருமல்

சரியாக மாலை ஆறு இருபதுக்கு, வேகத்தடையின் மேல் முன் சக்கரம் ஏறியபோது, வண்டி இருமியது.

ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மேடையில் பேச எழுந்தவர் மைக்குக்கு முன்னால் தொண்டையைச் செருமினால் எப்படியிருக்கும், அப்படி. தெருமுழுக்கத் திரும்பிப் பார்க்கிற செருமல்.

வண்டியை ஓட்டிவந்த மீட்டர், ஹெல்மெட்டுக்குள் வியர்த்தார். இடதுபக்கம் நீல கேட். கேட்டுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் திரை. திரை அசைந்ததா, அல்லது காற்றா?

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பார்ப்பதற்காகத்தான் ஏழு கிலோமீட்டர் சுற்றி வந்தார். ஆனாலும் பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கித் தெருமுனை தாண்டிப் பறந்தார்.

தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடமாக மீட்டர் அளவு எடுப்பவர். அலுவலகத்தில் அவர் பெயரை மறந்தே போனார்கள், 'மீட்டர்' என்றால்தான் தெரியும். ஒரு நாளைக்கு எண்பது வாசல். ஒவ்வொன்றிலும் நின்று, "தண்ணி மீட்டர்" என்று குரல் கொடுப்பார். கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை.

உட்காருங்கள் என்று சொல்லக்கூடிய ஒரே வாசல் அந்த நீல கேட். அது அவர் மகளின் வீடு. அங்கே மட்டும் அவர் நிற்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன் நடந்தது. மனைவி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"எதுக்கு மாமா தனியாக் கெடக்கணும்? அந்தப் பழைய வண்டிய வித்துட்டு எங்களோட வந்துடுங்க."

வண்டியை விற்பதா? பதினான்கு வருடம் மனைவி பின்னால் உட்கார்ந்து வந்த வண்டி. வேகத்தடை வரும்போதெல்லாம் இவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள். மெதுவாகப் போ என்று அர்த்தம். இப்போது பின்னால் கனமில்லாமல் வண்டி வேகத்தடையில் குதிக்கிறது.

"மேலயும் கீழயும் போற பெட்டியப் பாக்கறவனுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

மாப்பிள்ளைக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கோபம்.

"லிஃப்ட்ட ஓட்டறது பெரிய விஷயம் இல்ல மாமா. நிறுத்தறதுதான் கஷ்டம். கதவு தொறக்கும்போது தரையோட தரையா, ஒரு நூல் பிசகாம நிக்கணும்."

"நீ லிஃப்ட்ட நிறுத்து. என்னை நிறுத்த முடியாது. என் வண்டி நின்னாலொழிய இந்த வாசல்ல நான் நிக்க மாட்டேன்."

"அப்பா, இப்ப யாரு உங்கள என்ன சொல்லிட்டாங்க?" என்றாள் மகள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லை அள்ள முடியாது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்தாள். "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்தார். பிறகு போனும் குறைந்தது. அப்பாவின் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் வந்திருந்தது.

இந்த லட்சணத்தில்தான், தினமும் அவள் வாசல் வழியே சத்தமில்லாமல் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றால், இந்தப் பாழாய்ப்போன வண்டி கரெக்டாக அங்கே இருமுகிறது.

உதிரிபாகக் கடைக்காரர் நோய்க்கு உடனே பெயர் வைத்தார்.

"இன்ஜெக்ஷன் வண்டி சார். பெட்ரோல எவ்ளோ பீச்சணும்னு உள்ள ஒரு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. வயசாக ஆகக் கஞ்சத்தனம் பண்ணும். அதுக்குச் சொல்புத்தி குடுக்க ட்யூனர்னு ஒரு பெட்டி இருக்கு." தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். "இது கம்ப்யூட்டர்ல சொருகிக் கணக்கு ஏத்தறது. இது தானாக் கத்துக்கும். நீங்க ஓட்டறதப் பாத்து அதுவே பழகிக்கும்."

"என்னைப் பாத்து யாரும் எதையும் கத்துக்க வேண்டாம்."

"அப்ப இது. மூணு குமிழ். முதல் குமிழ் மெதுவாப் போறதுக்கு, நடுவுல உள்ளது முறுக்கறதுக்கு, கடைசி வேகத்துக்கு. பழைய ரேடியோ மாதிரி கையால திருப்பிக்கலாம்."

"எது நல்லது?"

"வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து சொல்லல சார்."

"நல்லாருக்குன்னு சொல்லலையா, நல்லால்லைன்னு சொல்லலையா?"

"ரெண்டையுமே சொல்லல."

வாங்காமல் வீட்டுக்கு வந்தார். வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்கார்வார், இன்னொன்றில் ஹெல்மெட் உட்காரும். ரொட்டியும் முட்டையும் தின்றபடி, "எதை வாங்கலாம்?" என்று ஹெல்மெட்டைக் கேட்டார். ஃப்ரிட்ஜ் மட்டும் உர்ரென்றது.

போனில், பைக் ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இருந்தது. அங்கே கேள்வியைப் போட்டார். ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். முதல் பதிலுக்கும் இரண்டாம் பதிலுக்கும் சண்டை. மூன்றாம் ஆள் சமாதானம் பண்ண வந்து அடி வாங்கினார். கடைசியில் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்று திட்டிக்கொண்டு கலைந்தார்கள். மீட்டரின் கேள்வி அப்படியே நடுத்தெருவில் நின்றது.

அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் தன்னைக் 'கிரீஸ்கை' என்று சொல்லிக்கொண்டார்.

"சார், என்ன வண்டி? எந்த இடத்துல இருமுது?"

மீட்டர் ஒன்றுவிடாமல் எழுதினார். வண்டி, வருடம், எண்பது வாசல் சுற்றிய சூடு, வேகத்தடை, எதிரே நீல கேட், மணி ஆறு இருபது. போனில் பதிவு செய்த இருமலையும் அனுப்பிவைத்தார்.

இரண்டு நாள் பதிலே இல்லை. இவனும் போய்விட்டான் என்று நினைத்தார். மூன்றாம் நாள் வந்தது:

"குமிழ் வச்சத வாங்குங்க சார். நான் சொல்லச் சொல்ல நீங்களே திருப்பலாம். ஆனா காலி வயித்தோட குமிழ்ல கை வைக்காதீங்க. சாப்பிட்டுட்டுத் திருப்புங்க."

கடைக்காரர் பெட்டியை சீட்டுக்கு அடியில் பொருத்தி, மூன்று குமிழையும் மூன்றில் வைத்துக் கொடுத்தார். இருமல் பாதி குறைந்தது. மீட்டர் அதைப் பெருமையாக எழுதி அனுப்பினார்.

"பாதிதான் போயிருக்கு சார். முதல் குமிழ மட்டும் நாலுல வைங்க."

நாலில் வைத்தார். மறுநாள் ஆறு இருபது. இருமல் சுத்தமாக இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்ட அதே நொடி, சைலன்ஸர் 'டப்' என்று வெடித்தது. மதில் மேல் தூங்கிய பூனை பக்கத்து வீட்டு மதிலுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளோடு எழுந்து நின்றார். நீல கேட் வீட்டின் மாடியில் ஒரு தலை தெரிந்தது.

அவள்தான். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஒரே ஒரு கணம்தான். பிறகு வண்டி மூலை திரும்பிவிட்டது.

"வெடிக்குது தம்பி" என்று எழுதினார். எப்போது 'தம்பி' ஆனான் என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்ல சகுனம் சார். அஞ்சுல வைங்க. சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன?"

"ரொட்டி, முட்டை."

"நேத்தும் அதான் சொன்னீங்க."

முந்தாநாளும் அதுதான். ஆனால் அதை யார் கேட்டார்கள்? மீட்டர் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். மறுநாள், பொய் சொல்லப் பிடிக்காமல், கீரை வாங்கிவந்து சமைத்தார். தீய்ந்துவிட்டது. அதையும் எழுதினார். தீய்ந்துபோனால் மேலாக மட்டும் அள்ளி வேறு பாத்திரத்தில் போட வேண்டும், அடியைக் கிளறக் கூடாது என்று பதில் வந்தது. பைக் ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டார்.

ஐந்தில் புகை வந்தது. சாதாரணப் புகை இல்லை, கொசு மருந்து வண்டி தோற்றுப்போகும் புகை. நீல கேட் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பு, ஆறு இருபதுக்கு முன் வெள்ளை, பின் சாம்பல். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அதை உருவினாள். மீட்டர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, யாரோ போலப் போனார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் நினைவு வந்தது, அந்த விரிப்பு அவர் மனைவி தைத்தது.

அன்றே மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் சீட்டைத் தூக்கி, ஐந்தைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தான்.

"யாருண்ணே இந்த வைத்தியம் சொன்னது? சளிக்குப் போயிக் கால வெட்டின கதையா இருக்கு. பெட்டியக் கழட்டிப் போட்டுட்டு இன்ஜெக்டர கழுவினா அரை மணி நேர வேலை. கழட்டவா?"

"கழட்டிட்டா... அப்புறம் ஒண்ணும் திருப்ப வேண்டியதில்லையா?"

"எதுக்குத் திருப்பணும்? வண்டி சரியாயிடும். நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கலாம்."

வீட்டுக்குப் போய் என்றதும் அந்த இரண்டாவது நாற்காலி கண்ணில் வந்தது. பெட்டி போனால் குமிழ் இல்லை. குமிழ் இல்லாவிட்டால், சாப்டீங்களா என்று யார் கேட்பார்கள்?

"இருக்கட்டும்பா. இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று சீட்டை மூடிப் பூட்டினார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிரீஸ்கைக்கு எழுதினார்: "தம்பி, புகை தாங்கல. உண்மையச் சொல்லு, இது சரியாகுமா?"

பதில் வர வெகுநேரம் ஆனது.

"ஆகும் சார். கடைசித் தடவை. முதல் குமிழ ஏழுல வைங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாருங்க, ரோட்டுல கூட்டம் இருக்காது. அன்னைக்கு மட்டும் சாப்பிட்டுட்டு வர வேண்டாம்."

அதென்ன அன்றைக்கு மட்டும்? ஏதோ தொழில் நுணுக்கம் என்று விட்டுவிட்டார். ஞாயிறு மாலை, வீட்டு வாசலில் தனியாகக் குந்தி, சீட்டைத் திறந்து, ஏழுக்குத் திருப்பி, மறுபடி பூட்டினார்.

சாலையில் வண்டி சொன்னபடி கேட்டது. இருமல் இல்லை, வெடி இல்லை, புகைகூடக் குறைவு. கிரீஸ்கை கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டே தெருவுக்குள் திரும்பினார்.

ஆறு இருபது. வேகத்தடை. ஆக்ஸிலரேட்டரை விட்டார், கியரைக் குறைத்தார். முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் ஏறியது. தோளில் யாரும் தட்டவில்லை.

வண்டி செத்தது.

எந்தச் சத்தமும் இல்லை. அணைத்த விளக்கு மாதிரி. வேகத்தடைச் சரிவில் அதுபாட்டுக்கு உருண்டு, நீல கேட்டுக்கு நேர் எதிரே, ஒரு நூல் பிசகாமல் நின்றது.

மீட்டர் பட்டனை அழுத்தினார். கிர்ர்ர். இன்னொரு தடவை. கிர்ர். மூன்றாம் தடவை 'க்' மட்டும் வந்தது.

கேட் திறந்தது. மகள் நின்றாள்.

"யாரு?"

ஹெல்மெட் கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் மூளை வேலை செய்யவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம் வேலை செய்தது.

"தண்ணி மீட்டர்."

அவள் வண்டியைப் பார்த்தாள், ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"அவசரக் கணக்கு."

"ஓஹோ. அப்ப பாத்துட்டுப் போங்க. மீட்டர் கொல்லைப்பக்கம் இருக்கு. வீட்டுக்குள்ள பூந்துதான் போகணும்."

பொய். தண்ணீர் மீட்டர் கேட்டை ஒட்டிச் சுவரிலேயே இருந்தது. எண்பது வாசல் பார்க்கிற கண்ணுக்கு அது முதலிலேயே தெரிந்துவிட்டது. மகள் ஒரு அடி நகர்ந்து, அதன் முன்னால் நின்று மறைத்துக்கொண்டாள்.

"தலையில மாட்டியிருக்கறதக் கழட்டிட்டு வாங்க," என்றாள். "ஆள் அடையாளம் தெரியாம யாரையும் உள்ள விடறதில்ல."

கழற்றினார். கண்ணைத் துடைக்க அது வசதியாகவும் இருந்தது.

உள்ளே மேசையில் மூன்று தட்டு வைத்திருந்தது. அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். யாரோ விருந்தாளி போலிருக்கிறது, தவறான நேரத்தில் வந்துவிட்டோம் என்று மீட்டருக்குச் சங்கடமாகிவிட்டது. சமையலறையிலிருந்து மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரோடு வந்தான்.

"நான் ஒண்ணும் நிக்கணும்னு நிக்கல," என்றார் மீட்டர், விறைப்பாக. "வண்டி நின்னதாலதான் நின்னேன்."

"தெரியும் மாமா."

"மெக்கானிக்குக்கு ஒரு போன் போடணும். என்ன கோளாறுன்னே தெரியல. கழட்டிப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது."

மாப்பிள்ளை டம்ளரை அவர் கையில் கொடுத்தான். மூன்றாவது தட்டுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அவசரமில்ல மாமா. முதல் குமிழ ஏழுலேருந்து மறுபடி மூணுக்குக் கொண்டுவந்தாப் போதும், ஓடும். சாப்பிட்டுட்டுத் திருப்புங்க."