ஐந்தாவது நாடு

ஊருக்கு ஒரு 'எல்லாம் தெரிந்த மாமா' உண்டு. அவரை யாரும் கூப்பிடுவதில்லை. எங்கேயாவது ஒரு மிஷின் மக்கர் செய்தால் தானே வந்து நிற்பார். கூடவே வரும் புத்தகத்தைப் படிக்க மாட்டார், திரையில் தெரிவதைப் படிக்க மாட்டார், எதிரே இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார், பட்டனை மட்டும் அமுக்கிவிடுவார். கூத்தாநல்லூருக்கு வாய்த்தவர் உபைதுல்லா. பதினெட்டு வருஷம் சவூதியில், தம்மாமில் மளிகைக் கடை. அங்கே கம்ப்யூட்டர் இருந்ததா? இருந்தது, பக்கத்துக் கடையில்.

எதிர்வீட்டு ரிஃப்காவுக்குத் திங்கட்கிழமை இங்கிலீஷ் பரீட்சை. தேறினால் லண்டனில் நர்ஸ் வேலை. தவறினால் அந்த இடம் வேறொருத்திக்கு. அங்கிருக்கும் அக்கா சபிஹா அனுப்பிய பயிற்சி டிவிடி லேப்டாப்பில் ஓடவில்லை. டிவிடிக்காரர்கள் உலகத்தை ரீஜன் ரீஜனாகக் கூறு போட்டு, ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜனில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள். டிஸ்க் வேறு ரீஜன், நாட்டை மாற்று என்றது திரை. அவள் மாற்றுவதற்குள் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

"டிவிடிக்கும் விசா உண்டு புள்ள. நான் பாக்காத விசாவா? நகரு."

முதலில் அமெரிக்கா. பெரிய நாடாம், எல்லாவற்றுக்கும் செல்லுமாம். செல்லவில்லை. அடுத்து மலேசியா, அங்கே மச்சான் ஹோட்டல் வைத்திருக்கிறார். பிறகு ஆஸ்திரேலியா. ஏன் என்று அவருக்கே தெரியாது.

"மாமா, டிஸ்க் லண்டன்ல வாங்குனது. இன்னும் ரெண்டு தடவைதான் மாத்தலாம்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா மிரட்டுவான்." சீனாவுக்குப் போனார்.

ரிஃப்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விடுங்க மாமா, நானே பாத்துக்கறேன்."

மாமாவுக்கு ரோஷம். ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர். அடுத்த வீட்டுப் பொருளை இருந்தபடி வைக்காமல் எழுந்திருப்பாரா? பழையபடி இந்தியாவையே தேர்ந்தெடுத்து, ஓகே கொடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டார். அது ஐந்தாவது தடவை, கடைசித் தடவை. இனி ஆயுளுக்கும் இந்தியாதான் என்று லேப்டாப் பூட்டிக்கொண்டது.

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி அனீஸா, "ஏங்க, நம்ம தம்மாம் ப்ளேயர்ல போட்டுப் பாத்தா என்ன?" என்றார்.

"அது இங்க வாங்குன எதையும் எடுக்காது. வீணாப்போன சாமான்!"

அனீஸா டிஸ்க்கை வாங்கிக்கொண்டு நடந்தார். போட்டதும் ஓடியது. சவூதிக்கும் லண்டனுக்கும் ஒரே ரீஜன் என்பது மாமாவைத் தவிர எல்லாருக்கும் அன்று தெரிந்துபோயிற்று.

ரிஃப்கா தேறிவிட்டாள். அவளை லண்டனுக்கு அனுப்பிவைத்ததே தான்தான் என்று மாமா பள்ளிவாசல் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உங்கள் மகள் செட்டிங் போட்டு முடிக்காத புது போனைத் தலையணைக்கடியில் ஒளித்தாளே, யாருக்குப் பயந்து என்று நினைக்கிறீர்கள்?