சாசேஜுக்கு ஆயுசு கெட்டி

கொரியாவின் ஜுவான் ரயில் நிலையத்து நிலத்தடிக் கடைவீதியில் பெகுன் சாமியார் வைத்திருந்த திரை கதவளவு உயரம். முன்பெல்லாம் பார்க்கத் தொலைக்காட்சி, தொடக் கைப்பேசி, தலை சீவக் கண்ணாடி என்று தனித்தனியாக இருந்தன. இப்போது மூன்றும் ஒன்றாகிவிட்டன. சாமியார் நான்காவதாகக் கடவுளைச் சேர்த்தார்.

விரலை வைத்தால் போதும். திரையில் உங்கள் முகம் தெரியும். தலைக்கு மேல் உங்கள் ஆயுள் எண்ணாக எரியும்.

வரிசை ரயில் நிலையப் படிவரை நின்றது. இறைச்சிக் கடைக்காரரின் தடித்த கட்டைவிரலுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது. அன்றிலிருந்து அவர் சாலையைப் பார்க்காமலே கடக்கிறார். மெல்லிய விரல் கொண்ட பல் மருத்துவர் ஒருவருக்கு அறுபத்தொன்று. படித்தவர். அங்கேயே அழுதார்.

சிலர் தொட்டால் திரை அசையாது. அவர்களுக்குச் சாமியார் ஜின்செங் வேர் ஊறிய தண்ணீர் விற்றார். விரலில் தடவியதும் உயிர் திரும்பிவிடும். குப்பியில் உயிர் விற்பதை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அது எப்போதுமே கொஞ்சம் மந்தம்.

காலுறைக் கடை பொங்-சுன் தன் வருங்கால மாப்பிள்ளையை அங்கே இழுத்து வந்தாள். சனிக்கிழமை கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது. மகள் தா-சோல் முணுமுணுத்தபடி பின்னால் வந்தாள்.

மாப்பிள்ளை கி-தே டைல்ஸ் ஒட்டுபவன். விரலை வைத்தான். திரை கறுப்பாகவே இருந்தது. ஜின்செங் தண்ணீரைத் தடவினார்கள். காய்ப்பின் மேல் அது உருண்டு ஓடியது. மறுபடியும் கறுப்பு.

சாமியார் கண்ணை மூடினார். "உசுரு இல்ல."

"இங்கதானேங்க நிக்கிறேன்?" என்றான் கி-தே.

"நிக்கிறது உடம்பு. மூணு வருஷம் தாங்காது."

பொங்-சுன் கைப்பேசியை எடுத்தாள். "மண்டபத்துக்குச் சொல்லிடுறேன். கல்யாணம் வேணாம்."

"அம்மா! பைத்தியமா உனக்கு?"

"வாயை மூடுடி. உங்கப்பன் போனப்ப உனக்கு நாலு வயசு. ஒத்தையா வளக்குறது என்னன்னு எனக்குத்தான் தெரியும்."

"பரிகாரம் இருக்கு," என்றார் சாமியார். "மலையில மூணு ராத்திரி பூசை. மண்டபத்துக்குக் குடுக்குற காசை இங்க குடும்மா."

தா-சோல் பையைத் திறந்து, பன்றி இறைச்சியை விரல்போல் அடைத்த ஒரு சாசேஜை எடுத்தாள். குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டுச் சாசேஜால் கைப்பேசியைத் தொட்டுப் பழகிய ஊர் இது. உறையை உரித்தாள். நுனியைத் திரையில் வைத்தாள்.

தொண்ணூற்று நான்கு. கீழே எழுத்துகள் ஓடின: அரசு வேலை. அமைதியான குடும்பம்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அது உன் உசுரும்மா," என்றார் சாமியார் அவசரமாக. "உன் கை வழியா போகுது."

"அப்படியா சாமி?" சாசேஜைக் கி-தேயிடம் கொடுத்தாள். "நீங்க பிடிங்க."

அவன் பிடித்தான். தொட்டான். தொண்ணூற்று நான்கு.

"இப்ப யாரோட உசுரு? இவரோடதுன்னா இவரு நூறைத் தொடப்போறாரு. பன்னியோடதுன்னா, அது செத்து ரெண்டு மாசம் ஆச்சு."

"பன்னியைக் கேலி பண்ணாதே! பூசையில பன்னித்தலைதானே வைக்கிறோம்? அதுக்குச் சக்தி உண்டு!"

"இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் சக்தியைப் பாப்போம்." சாசேஜைக் கி-தேயின் கையோடு பிடித்து, நீளவாக்கில் திரையில் அழுத்தினாள்.

இருநூற்றுப் பதினேழு. பிள்ளைகள் ஒன்பது.

"பிள்ளையே பொறக்காத நாட்டுக்கு இதான்யா வேணும்!" என்று ஒரு கிழவர் கைதட்டினார்.

தா-சோல் அம்மா பக்கம் திரும்பினாள். "பாத்தியாம்மா? நிறைய இடத்துல பட்டா நிறைய வயசு. தடிச்ச விரலுக்கு ஜாஸ்தி, ஒல்லி விரலுக்குக் குறைச்சல். காஞ்ச தோலு பட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. சிமெண்ட்ல கிடக்கிற கையில ஈரம் எங்கிருந்து வரும்?"

"என் தொண்ணூத்தெட்டு?" இறைச்சிக் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அது என் கட்டைவிரலோட அகலமாடா?"

சாமியார் திரைக்குத் திரை போட்டுவிட்டுப் பின்கதவைத் தேடினார். பின்கதவில் பல் மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். இம்முறை அவர் அழவில்லை.

பொங்-சுன் கைப்பேசியைப் பையில் போட்டாள். கொஞ்ச நேரம் கி-தேயின் விரல்களைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கே மண்டபத்துக்கு வந்துடுங்க மாப்ளே. கைக்கு ஏதாவது கிரீம் தடவுங்க. மோதிரம் போடும்போது என் பொண்ணுக்குக் கீறப்போகுது."

"சரிங்க அத்தை."

கூட்டம் கலைந்தது. முழுவதும் அல்ல. இரண்டு பேர் தா-சோலிடம் வந்து, அந்தச் சாசேஜை எந்தக் கடையில் வாங்கினாள் என்று பணிவாகக் கேட்டார்கள். அவள் அவர்களைப் பார்த்தபடியே அதைக் கடித்து, மென்று, விழுங்கினாள். இருநூற்றுப் பதினேழு வருடம் மூன்று கடியில் முடிந்தது.

சாசேஜுக்கு மூளை கிடையாது. ஆனாலும் அது ஆயுள் கேட்டு வரிசையில் நிற்கவில்லை. மூளை உள்ளவர்கள் யோசிக்கட்டும்.