கேப்டன் கழற்றிய ஜன்னல்கள்

இந்த ஜென்மத்தில் படகை விற்பதில்லை என்று கேப்டன் முடிவு செய்துவிட்டார். அதை மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி.

கேப்டன் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். உத்தியோகம் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. யாரோ பணக்காரர் உல்லாசமாகச் சுற்றிவிட்டுக் கைகழுவிய பழைய மோட்டார் படகை வாங்கியதால் வந்த பட்டம் அது. வாங்கிய நாளிலிருந்து படகு துறையை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் படகை விட்டு நகர்ந்ததில்லை. கல்யாண நாளன்று கடலைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மனைவியைக் கூட்டிப்போனவர், கட்டிய கயிற்றோடு உட்காரவைத்து, டீ கொடுத்து, திருப்பி அழைத்து வந்தார்.

"ஏங்க, படகைப் பார்க்க ஒருத்தர் வரார்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "வர ஞாயித்துக்கிழமை."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கேப்டன் சட்டென்று நிமிர்ந்தார்.

"யாரும்மா?"

"பல் டாக்டராம். போன்ல நல்லாத்தான் பேசினார்."

"இஞ்சின் இருமுதே. அதைச் சொன்னியா?"

"சொன்னேன். பரவாயில்லைன்னுட்டார்."

"பெயின்ட் உரியுதே."

"அதுவும் சொல்லியாச்சு." அவள் ஒரு சட்டையை உதறினாள். "ஜன்னல்தாங்க முக்கியம். அந்த ஸ்லைடிங் ஜன்னலெல்லாம் வரிசையா இருக்கறதாலதான் அது பார்க்கப் படகு மாதிரி இருக்கு. அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பார்த்துக்கங்க. ஜன்னல் இல்லாத படகை எவன் திரும்பிப் பார்ப்பான்?"

கேப்டன் பவ்யமாகத் தலையாட்டினார். மூளையில் பொறி தட்டிவிட்டது.

மறுநாளே ஆபீஸுக்கு லீவு. "ஜன்னலையெல்லாம் கழட்டிப் புதுப்பிச்சிடலாம்னு பார்க்கறேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "கண்ணாடி ஓடற சேனல் பூரா பாசி. ரப்பர் காஞ்சு கருவாடா கெடக்கு. வாங்கறவரை ஏமாத்தக் கூடாது பாரு."

"ஐயோ, இப்பவா?" அவள் நெஞ்சில் கை வைத்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள திரும்ப மாட்டிடுவீங்கதானே?"

"மாட்டாம விடுவேனா?"

மாட்டாமல் விடுவதுதான் திட்டம்.

"பழைய பசை இறுகிப் போயிருக்கும். என் ஹேர் டிரையரை எடுத்துட்டுப் போங்க. சூடு காட்டினா இளகும்."

மற்ற நாளில் அந்த ஹேர் டிரையரை அவர் தொட்டாலே வீடு இரண்டாகிவிடும். பதற்றத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

உள்பக்கத்துத் திருகுகள் துருப்பிடித்துப் பிடிவாதம் பிடித்தன. கண்ணாடியை மேலே தூக்கி, அடிப்பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தால் சேனலிலிருந்து வந்துவிடும். முதல் கண்ணாடி வந்துவிட்டது. அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் படகுக்குள்ளேயே இரண்டு சுற்று வந்தார். பிறகு அலுமினிய ஃபிரேமைச் சுற்றிச் சூடு காட்டி, தட்டைக் கத்தியை நுழைத்து, பசையை அங்குலம் அங்குலமாக அறுத்தார். ஃபிரேம் முனகிக்கொண்டே பிய்ந்து வந்தது. திறப்பின் விளிம்பில் மரம் உலர்ந்து, உறுதியாக, நேற்று அறுத்தது போல் இருந்தது. இப்பேர்ப்பட்ட படகையா விற்பது? கத்தி இன்னும் வேகமாக ஓடியது.

கண்ணாடிகள் போர்வைக்குள் புகுந்து கட்டிலுக்கடியில் போயின. ஃபிரேம்களைப் பாலிஷ் கடையில் கொடுத்து, "அவசரமே இல்லை, ஆறப்போட்டுச் செய்யுங்க" என்று கடைக்காரரைத் திகைக்கவைத்தார். சேனலில் ஒட்டும் வெல்வெட் பட்டைக்கு, இருப்பதிலேயே தூரமான ஊரில் ஆர்டர் கொடுத்தார்.

"எல்லாம் கழட்டியாச்சா?" என்று மனைவி தினமும் கேட்டாள்.

"எல்லாம்."

"ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா. மாட்டத்தான் நாளாகும் போலிருக்கு."

"என்ன பண்றது," என்று பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சில் கேப்டனுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரை இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவாளோ? பாலிஷ் கடைக்காரர் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடுவாரோ? சனிக்கிழமை மேகம் வேறு கூடியது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார். ஒரு சொட்டும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் துறைக்கு வந்து நிற்க, டாக்டர் வந்தார். சட்டைப்பையில் சின்ன டார்ச், கையில் கூரான கம்பி. பல்லெல்லாம் கொட்டிய வாய் மாதிரி நின்ற படகைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. கேப்டனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"மன்னிக்கணும் டாக்டர், ஜன்னல் எல்லாம்..."

டாக்டர் காதில் வாங்கவில்லை. முதல் திறப்பில் தலையை விட்டார். டார்ச் அடித்தார். மரத்தைக் கம்பியால் குத்தினார், விரலால் தட்டிக் காது கொடுத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. கேப்டனுக்குக் கடைவாய்ப் பல் கூசியது.

"பிரமாதம் சார்," என்றார் டாக்டர், கடைசித் திறப்பிலிருந்து தலையை எடுத்து. "பழைய படகுல சொத்தை இருந்தா ஜன்னலுக்கு அடியிலதான் இருக்கும். இதுவரைக்கும் நான் பார்த்த படகுக்காரங்க எல்லாம் வாயை மூடிக்கிட்டே பல்லைப் பாருங்கன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆன்னு காட்டியிருக்கீங்க. எனக்குப் படகு பிடிச்சுப்போச்சு."

"இல்ல டாக்டர், இது அவசரத்துல..."

"அவசரம்தான், ஒத்துக்கறேன். ஜன்னலைக் கழட்டிக் காட்டினாத்தான் வருவேன்னு போன்லயே உங்க வீட்டம்மாகிட்ட கறாராச் சொல்லிட்டேன். மறுநாளே ஆரம்பிச்சிட்டார்னு அவங்க மெசேஜ் அனுப்பினாங்க. ரொம்ப நன்றி சார்."

கேப்டன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப மாட்டறதுக்குத்தான் நல்ல ஆள் தேடணும்," என்றார் டாக்டர்.

"ஆள் எதுக்கு டாக்டர்?" என்றாள் அவள். "இவரே வந்து மாட்டிக் கொடுப்பார். ஞாயித்துக்கிழமையில இனிமே வீட்ல சும்மாதானே இருக்கப் போறார்."